பொன்னாடைக்குள் ஒரு கை

துலா எங்களுக்குப் பங்கு பிரித்துக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சம்பளம் இருந்தது. நாற்காலி இருந்தது. கதவில் ‘நாட்ராயன், வணிகப் பிரிவு’ என்று பலகைகூடத் தொங்கியது. பேரம் மட்டும் இல்லை. மாவாட்டாமல் திறந்துவைத்த இட்லிக்கடை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் பேரத்திலேயே பிறந்தவன். அப்பா கண்ணபுரம் சந்தையில் மாட்டுத் தரகர். அம்மா வீட்டார் முழுக்க எண்ணெய் வியாபாரம். எங்கள் வீட்டில் இரண்டாவது தோசை வேண்டுமென்றால் முதல் தோசையைக் குறை சொல்லித்தான் கேட்க வேண்டும். அப்படி வளர்ந்தவனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணாடி மண்டபத்தில் உட்காரவைத்து, திரையில் ஓர் எண்ணைக் காட்டி, ‘ஏற்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல் பிடுங்கிய வாய்க்குக் கரும்பு கொடுத்த கதைதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் மூன்று சின்னக் கம்பெனிகளும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து செயற்கை இதய பம்பு செய்துகொண்டிருந்தோம். பெயர் ‘துடி’. கட்டைவிரல் பருமன். உள்ளே சுழலும் ரோட்டர், ஆவாரம்பாளையத்துக் கோவர்த்தனனுடையது. அவருடைய தாத்தா கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றினார், பேரன் ரத்தத்தை ஏற்றுகிறார். இடுப்பில் கட்டிக்கொண்டால் தோலுக்கு மேலிருந்தே மின்சாரம் அனுப்பும் பேட்டரி, ஹபீபுல்லா பாயுடையது. ரத்தம் இரும்பில் பட்டால் உறைந்துவிடும், உறைந்தால் ஆள் காலி. அப்படி உறையாமல் ரோட்டர்மேல் பூசுகிற கண்ணுக்குத் தெரியாத படலம், கணபதியில் இருக்கும் எங்கள் கம்பெனியுடையது. எங்கள் கம்பெனி என்றால் தேவநாயகி அம்மிணியின் கம்பெனி. அந்தப் படலத்தைக் கண்டுபிடித்ததே அவள்தான். பம்பை ஓட்டும் சிப், மென்பொருள், டாக்டர்கள், அரசாங்க அனுமதி, பேர், புகழ் இவ்வளவும் வெல்மோரா என்ற பெரிய கம்பெனியுடையது. நான்கில் யார் ஒருவர் கழன்றாலும் துடி வெறும் இரும்புக் கொட்டை.

நாலு பேர் சேர்ந்து சமைத்தால் யாருக்கு எத்தனை கரண்டி என்ற சண்டை வரத்தானே செய்யும்? வந்தது. அப்போது வெல்மோரா கொண்டுவந்ததுதான் துலா. மனிதன் இல்லை, கணக்கு போடும் மூளை. ஒவ்வொருவருடைய பங்களிப்பையும் அதுவே அளந்து, அதுவே லாபத்தைப் பிரிக்கும். அளப்பதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் அதற்குத் திறந்து காட்ட வேண்டும். கடிதம், போன் பேச்சு, தொழிற்சாலைக் கேமரா, வங்கிக் கணக்கு. மூன்று முதலாளிகளும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அது நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பட்டை இல்லாமல் முதலாளிகள் இருவர் சந்தித்தாலே ஒப்பந்த மீறல். ‘நாங்களும் இதே தராசில்தான் நிற்கிறோம்’ என்று வெல்மோரா பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது. எனக்குப் பட்டை கிடையாது. மேலாளனின் நாடியை யார் மதிக்கிறார்கள்?

முதல் தடவை எங்களுக்கு நூற்றுக்கு ஒன்பது. பரவாயில்லை என்று வந்தோம். இரண்டு வருடம் போயிற்று. படலம் முன்பைவிட மூன்று மடங்கு உழைக்க ஆரம்பித்தது. அன்றைக்குத் திரையில் எங்கள் எண் நான்கு என்று வந்தது.

தேவநாயகி பொத்தானை அழுத்தவில்லை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, நான் நல்லா செஞ்சதுக்குத் தண்டனையா இது?”

“அமுக்குங்க அம்மிணி. வெளிய போய்ப் பேசிக்கலாம்.”

“வெளியவும் அது கேக்குமுங்க.”

“கேக்கட்டும். நான் திட்டறது அதுக்கும் தெரியோணும்.”

அழுத்தினாள். அவளால் அழுத்தாமல் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில், துலாவுக்கும் தெரியும் என்று தெரிந்தது.

*

மாட்டுச் சந்தையில் அப்பா மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். ஓட்டிக்கொண்டு வந்தவன் இன்றைக்கு விற்றே ஆக வேண்டும் என்று வந்தவனா, சும்மா விலை தெரிந்துகொள்ள வந்தவனா? அது தெரிந்துவிட்டால் மாட்டின் பல்லை எண்ணுவதெல்லாம் சடங்கு.

அந்த வாரம் நான் வேலையற்ற மனுசனுக்கே உரிய பொறுமையோடு யாருக்கு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். கோவர்த்தனனுக்கு ஏறியது ஒரே ஒரு தடவை. கனடாவில் இருக்கும் மகள், “அப்பா, எல்லாத்தையும் வித்துட்டு வந்துடுங்க” என்று அழுது, அவரும் சாப்பாட்டு மேசையில், “வந்தர்றேன் போ, இந்தத் தொல்லையே வேண்டாம்” என்று கத்திய பிறகு. அவர் ரோட்டர் அந்தக் காலாண்டில் ஒரு மயிரிழைகூட மேம்படவில்லை. ஹபீபுல்லா பாய்க்கு இறங்கியது, துடி பேட்டரி தவிர வேறெதற்கும் உதவாத புது இயந்திரங்களை அவர் இறக்கிய பிறகு. எங்களுக்கு ஒன்பது ஐந்தாக விழுந்தது எப்போது என்று யோசித்தேன். யோசித்ததும் வாயில் காப்பி கசந்தது.

தேவநாயகியின் கணவர் சென்னியப்பனுக்குத் துடி பொருத்திய காலாண்டு.

சென்னியப்பன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். தேவநாயகி என்னை அண்ணா என்பதால் எனக்கு மாப்பிள்ளை முறை. பஸ் கண்டக்டர் தொண்டை. திடீரென்று ஒருநாள் இதயம் மக்கர் பண்ண, மனைவி பூசிய படலத்தோடு, கோவர்த்தனன் ரோட்டரோடு, பாயின் பேட்டரியோடு அவருக்கு மறுபிறவி. பம்பின் மென்பொருளையும் பராமரிப்பையும் வெல்மோராதான் பார்க்கிறது. அதாவது, தேவநாயகி இந்தக் கூட்டணியை விட்டு எந்த ஜென்மத்திலும் எழுந்து போக மாட்டாள். புருசன் நெஞ்சு அங்கே இருக்கிறது.

துலா எடை போட்டது எங்கள் உழைப்பை இல்லை. கட்டியிருக்கிற கயிற்றை.

அனிருத்தனைப் போய்ப் பார்த்தேன். வெல்மோராவில் கூட்டணிகளுக்குத் தலைவர். மெட்ராஸ் பையன், இஸ்திரி மடிப்புக் கலையாத மரியாதை. காப்பி வரவழைத்தார். சர்க்கரை எவ்வளவு என்று அவரே கேட்டார். கெட்ட ஆள் இல்லை. அதுதான் இதில் சங்கடம்.

“துலா பொய் சொல்லலை சார்,” என்றார். “பங்களிப்புன்னா என்ன? நீங்க இல்லாட்டி எவ்வளவு குறையும், அதுதானே?”

“அதேதானுங்க.”

“அப்ப நீங்க இல்லாமப் போறதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னும் பாக்கணும் இல்லையா? நாளைக்கே எழுந்து போயிடுவார்னு இருக்கறவரை நிறுத்தி வைக்கப் பணம் வேணும். எங்கயும் போக மாட்டார்னு தெரிஞ்சவருக்கு எதுக்குக் கூடுதலா? மொத்தக் கூட்டணியும் உடையாம இருக்க யாருக்கு எவ்வளவு போதுமோ, அவ்வளவுதான் அது கொடுக்கும். எல்லாருக்கும் ஒரே விதி. எங்களுக்கும்.”

“மிச்சமாகறது?”

“பம்போட விலையைக் குறைக்கலாம். ஏழைகளுக்குப் போய்ச் சேரும்.”

“கொறைச்சீங்களா?”

அவர் காப்பியைக் கலக்கினார். அது ஏற்கெனவே கலந்திருந்தது. “அது போர்டு எடுக்கற முடிவு.”

“அப்ப எங்க மாப்பிள்ளை நெஞ்சுல நீங்க வெச்சது பம்பு இல்லீங்க தம்பி. எங்க அம்மிணிக்கு மூக்கணாங்கயிறு.”

அவர் முகம் சிவந்தது. “அப்படிச் சொல்லாதீங்க சார். நான் அந்த ஆபரேஷனுக்கு ராத்திரி பூரா வெளிய உக்காந்திருந்தேன்.”

“தெரியுமுங்க. உங்க தராசும் அங்கதான் உக்காந்துட்டிருந்துது.”

வெளியே வந்ததும் என் பழைய வித்தையைக் காட்டினேன். வேறு இரண்டு கம்பெனிக்காரர்களுக்கு உரக்கப் போன் போட்டு, “எங்க படலத்துக்கு என்ன வெலை குடுப்பீங்க?” என்று அளந்தேன். ஆசையில்லாத மாதிரி நடிப்பது எங்கள் குலத்தொழில். துலா ஏமாறவில்லை. அடுத்த காலாண்டு முன்கணிப்பில் எங்களை மூன்றரைக்கு இறக்கியது. பொய் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டது போலிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் துலாவை வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பார்.

*

துலாவுக்கு ஒரே ஒரு பலவீனம். அது ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் எடை போடும். தனியாக எழுந்து போக எங்களில் யாருக்கும் திராணியில்லை. மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தால்? ஆனால் அப்படிப் பேசிக்கொண்ட மறுநிமிடம் அதற்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றி, உட்காரவைத்துவிடும். மற்ற இருவரும் நடுத்தெருவில்.

சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் போனேன். போன்களைக் காரிலேயே வைத்துவிட்டோம். கரும்பு பிழியும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் எமனே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காது.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. அவருக்கு அது சாதனை. பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப என்னைய வெச்சுத்தான் அவள வெலை பேசறானுங்களா?”

“ஆமா மாப்ள.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? உங்ககிட்டச் சொல்ல மாட்டா.”

அவர் தன் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். “நாடி பாருங்க மச்சான்.”

பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. துடி நிற்காமல் ஒரே சீராக ரத்தத்தைத் தள்ளுகிற ஜாதி. அதில் துடிப்பே கிடையாது. பெயர் வைத்தவனைக் கேட்க வேண்டும்.

“அந்தப் பட்டையை ஒரு நாள் வெளையாட்டுக்கு நான் கட்டிப் பாத்தேன். ‘உடனே மருத்துவரை அழைக்கவும்’னு கத்துச்சு. அதோட கணக்குல நான் செத்த ஆளு.” அவர் சிரித்தார். அந்தச் சத்தம் மட்டும் கரும்பு இயந்திரத்தை ஜெயித்தது. “செத்தவன என்னன்னு எடை போடுவான்? சொல்லுங்க, என்ன செய்யோணும்?”

துண்டுக்குள் கைவிடுவதைச் சொல்லிக்கொடுத்தேன். சந்தையில் இரண்டு பேர் நின்றபடி ஒரு துண்டுக்குள் கை கோத்துக்கொள்வார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும். விலையை விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைப் பிடிக்கிறோம் என்பதில் எல்லாம் அடக்கம். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. கடைசியாக ஒன்று சொன்னேன். மொத்த விரலையும் மடக்கி முட்டியாகக் கையில் வைத்தால், மாடு விற்பதற்கில்லை, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். எதிராளி அந்த முட்டியைப் பொத்திப் பிடித்தால், ஒப்புக்கொண்டான்.

“கோவர்த்தனண்ணனுக்கும் பாய்க்கும் இது தெரியுமா?”

“பாய் தாத்தா காலத்துல தோல் மண்டி. கோவர்த்தனண்ணன் வீட்டுல காங்கேயம் காளை கட்டியிருந்தவங்க. சின்ன வயசுல பாத்திருப்பாங்க.”

“எனக்கு ஒரு சந்தேகம் மச்சான்.” வாத்தியார் குரல் இறங்கியது. “இவங்க மூணு பேரும் எந்திரிச்சாங்கன்னா, வெல்மோராக்காரன் எம் பம்போட பராமரிப்ப நிறுத்திட்டான்னா?”

 பேரம் பேசுகிறவனுக்குப் பொய் சொல்லத் தெரியும், அன்றைக்கு வரவில்லை.

“நிறுத்துனா எத்தனை நாள் ஓடும்னு சொல்ல முடியாது மாப்ள.”

அவர் இன்னொரு தம்ளர் சாறு சொன்னார். இஞ்சி தூக்கலாக. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “அவ என்ன சொல்றாளோ அதுதான். ஆனா அவளக் கேக்கறது நானா இருக்கோணும்.”

*

துண்டுக்கு எங்கே போவது என்ற கவலையை வெல்மோராவே தீர்த்துவைத்தது. ஆண்டு விழா வந்தது. காலையில் பாராட்டு, மத்தியானம் சாப்பாடு, அப்புறம் பங்கு அறிவிப்பு. கூட்டாளிகளுக்கெல்லாம் பொன்னாடை. சிறப்பு விருந்தினராக, துடியால் உயிர் பிழைத்த சென்னியப்பனுக்கும் ஒன்று. சரிகை போட்ட, நல்ல அகலமான பொன்னாடை. தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் யார் தோளிலும் அதைக் கேள்வி கேட்பார் கிடையாது.

மண்டபத்தில் எத்தனை கேமராவோ. எல்லாவற்றின் முன்னாலும் சென்னியப்பன் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, கல்யாண வீட்டு மாமனார் மாதிரி ஒவ்வொருவரிடமாகப் போனார்.

“அண்ணா, உங்க ரோட்டர்தான் உள்ள சுத்துது. கையக் குடுங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் தட்டு ஏந்தி வந்தவர் திரும்பிப் பார்த்தார். கை கோத்தார். பொன்னாடை இருவர் கைமேலும் சரிந்து விழுந்தது. கோவர்த்தனனின் புருவம் ஏறி இறங்கியதை நான் தூணோரத்தில் நின்று பார்த்தேன்.

“உடம்பு தேவலையாப்பா?” என்றார் அவர். துணிக்குள் ஏதோ அசைந்தது. எவ்வளவு என்று விரலால் கேட்கிறார் மனுசன்! பரம்பரைப் புத்தி.

“தேவலைங்க, தேவலைங்க. மழதான் இந்த வருசம் ஏமாத்திப்போடுச்சு,” என்றார் சென்னியப்பன். கை நகரவில்லை. முட்டியேதான்.

கோவர்த்தனன் சிறிது நேரம் மேடையில் இருந்த பூச்சாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணிக்குள் மெதுவாக ஒரு அசைவு. சென்னியப்பன் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

பாய் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “பேட்டரிய ராத்திரி ஒழுங்கா சார்ஜ் போடறியா வாத்தியாரே?” என்று கேட்டபடி கையை விட்டவர், பொத்திப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். சரிகையே ஆடிப்போயிற்று.

இருவருடைய நாடியும் அந்த நேரத்தில் குதித்திருக்கும். நோயாளி வந்து நன்றி சொன்னால் குதிக்கத்தானே செய்யும்? துலா அதை ‘நெகிழ்ச்சி’ என்று பதிந்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது.

கடைசியாக மனைவியிடம் வந்தார். இந்தத் தடவை சத்தமில்லை. எதிரில் நின்று, பொன்னாடையின் ஒரு நுனியை அவள் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டார். தேவநாயகிக்குப் புரிய நேரமாயிற்று. அவளுக்குச் சந்தை வழக்கமெல்லாம் தெரியாது. ஆனால் இருபது வருடம் பிடித்த கை. அந்தக் கை இன்றைக்கு ஏன் முட்டியாக இருக்கிறது, அறிவிப்புக்கு முன்னால் ஏன் வருகிறது என்று அவள் யோசிப்பது முகத்தில் ஓடியது. கண் நிறைந்தது. தலையை இல்லையென்று ஆட்டினாள். அவர் ஆமாம் என்று ஆட்டினார். 

மண்டபமே “ச்சோ” என்று உருகியது. வெல்மோராவின் புகைப்படக்காரர் ஓடிவந்து படமெடுத்தார். அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வரவேற்பறையில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது, ‘நம்பிக்கையின் கரங்கள்’ என்ற தலைப்போடு. சதியாலோசனையைச் சட்டம் போட்டு மாட்டிவைத்த ஒரே கம்பெனி உலகத்தில் அதுதான்.

அவள் என்ன சொன்னாள்? சென்னியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டில் பாயசம் இரண்டு கரண்டி வாங்கினேன், ருசி தெரியவில்லை.

*

மத்தியானம் திரையில் எண்கள் வந்தன. வெல்மோரா எழுபத்தொன்பது. எங்களுக்கு மூன்று.

எனக்குப் பக்கத்தில் தேவநாயகி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பொத்தானுக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இதுவரை யாரும் அழுத்தியதில்லை. கோவர்த்தனன் அழுத்தினார். பாய் அழுத்தினார். இரண்டு சிவப்பு விளக்குகள் எங்களுக்காகக் காத்திருந்தன.

மேசைக்குக் கீழே அவள் கை என் கையைத் தேடி வந்தது. ஏதோ ஒரு விரல் வரும், இவ்வளவாவது கேட்டுப் பாருங்கண்ணா என்று சொல்வாள் என்று நினைத்தேன். வந்தது முட்டி. கல் மாதிரி.

பொத்திப் பிடித்தேன். அவள் மறு கையால் சிவப்பை அழுத்தினாள்.

மறுத்தவர்களைத் தனித்தனிக் கண்ணாடி அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம், பேச்சு கேட்காது. அங்கேயும் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. எங்கள் அறையில் துலாவின் குரல் மென்மையாக வந்தது. அதுவரை எண்ணாக மட்டுமே பேசியது, முதல் தடவையாக வாய் திறந்தது.

“உங்களுக்கு மட்டும் பதினான்கு வழங்கப்படுகிறது. மற்ற இருவருக்கும் இது தெரியாது.”

“வேண்டாம்,” என்றாள்.

“இருபது. உங்கள் கணவரின் பராமரிப்பு ஒப்பந்தம் வெல்மோராவிடம் இருப்பதை நினைவூட்டுகிறேன்.”

அவள் முகம் வெளுத்தது. நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி அடக்கிவிட்டாள்.

“நல்லா நினைவிருக்குது,” என்றாள். “ரெண்டு வருசமா தூங்கி எந்திரிக்கறதே அந்த நினைவோடதான். அத வெச்சுத்தானே என்னைய ஒம்பதுல இருந்து மூணுக்கு எறக்குன? இன்னைக்கு அவரே வந்து கையால கேட்டாரு. ‘என்னைய வெச்சு உன்னைய வெலை பேச விடாத’ன்னு கேட்டாரு. புதுசா ஒரு பம்புக்கும் எங்க படலம் வராது. ஆனா இப்ப நெஞ்சுல ஓடிட்டிருக்கற அத்தன பம்புக்கும் வேணுங்கறத நாங்க காசு வாங்காமச் செஞ்சு குடுப்போம். நீ நிறுத்துனா நிறுத்திக்கோ. ஆரு நிறுத்துனாங்கன்னு ஊர் பாக்கட்டும்.”

எதிர் அறையில் கோவர்த்தனன் தனியாக இருந்தார். அவருக்கு என்ன சொன்னதோ, எவ்வளவு சொன்னதோ. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உதட்டை நக்கினார். கை பச்சைப் பொத்தானை நோக்கிப் போயிற்று. நின்றது. மறுபடி போயிற்று. எனக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகலாம் போலிருந்தது. மனுசன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். எங்களைத் தாண்டி, மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சென்னியப்பனைப் பார்த்தார்.

பொன்னாடையை எடுத்துத் தன் கைமேல் சுற்றினார். கையைத் தலைக்கு மேல் தூக்கினார். சரிகைத் துணிக்குள் உருண்டையாக ஒரு முட்டி.

அடுத்த அறையில் பாயும் தூக்கினார்.

துலா பேச்சை நிறுத்திவிட்டது. மண்டபத்தின் பெரிய திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. மூவரும் ஒன்றாகப் போவார்கள் என்பது இப்போது அதற்குக் கண்ணுக்குத் தெரிந்த உண்மை. உண்மை தெரிந்தால் தன் விதிப்படி கணக்குப் போட வேண்டியது அதன் கடமை. போட்டது. யாருக்குக் கயிறு இறுக்கம் என்று நான்கு பேரையும் பார்த்தது. ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் தன் பெயர் எழுதிய பம்பை வைத்துவிட்டு, அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எழுந்து போகவே முடியாமல் உட்கார்ந்திருப்பது யார்?

குரல் இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. “வெளியேற இயலாத தரப்பு: வெல்மோரா. திருத்தப்பட்ட பங்கு அறிவிக்கப்படுகிறது.”

எழுபத்தொன்பது, அறுபது ஆயிற்று. நாற்பது. இருபத்தைந்து. பதினொன்றில் வந்து நின்றது.

அனிருத்தன் ஓடிவந்து அறைக் கதவுகளைத் திறந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு முதல் தடவையாகக் கலைந்திருந்தது. “கொஞ்ச நேரம் இதை நிறுத்தி வெச்சுட்டுப் பேசலாமா? மனுஷங்களா உக்காந்து...”

“எதுக்கு நிறுத்தோணும்?” என்று கோவர்த்தனன் துள்ளினார். “நல்லாத்தானே போய்ட்டிருக்குது! பச்சைய அமுக்கிப்போட்டு வீட்டுக்குப் போலாம் வாங்க. அவங்க வெச்ச தராசு, அவங்களே நிக்கட்டும்!”

பாய்க்கும் அந்த யோசனை பிடித்த மாதிரிதான் இருந்தது. என்னைக் கேட்டால், எனக்கும்தான். பதினொன்று என்ற அந்த எண்ணைச் சட்டம் போட்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் போலிருந்தது.

தேவநாயகிதான் மறுத்தாள். “இன்னைக்கு இவங்க கழுத்துல விழுந்த கயிறுங்கண்ணா இது. நாளைக்கு யாரு வீட்டுல யாருக்கு நெஞ்சு வலிக்குதோ, அவங்க கழுத்துக்கு மாறும். பதினொண்ணும் எனக்கு வேண்டாம், இருபதும் வேண்டாம். இத அணைங்க தம்பி. அப்பறம் பேசலாம்.”

அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பாய் கழற்றினார். கோவர்த்தனன் பெருமூச்சு விட்டு, திரையைக் கடைசியாக ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டுக் கழற்றினார். அனிருத்தன் யாருக்கோ போன் செய்தார். இரண்டு முறை “ஆமா, இப்பவே” என்றார். திரை கறுத்தது.

பேரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்துபோய் சென்னியப்பனின் தோளிலிருந்து பொன்னாடையை உருவினேன். “தராசு போயிடுச்சுன்னு குளிருது மாப்ள, கொஞ்சம் குடுங்க,” என்றேன். அனிருத்தனுக்கு எதிரில் போய் நின்று, என் வலக்கையின் மேல் அதை விரித்துப் போட்டேன்.

“கைய உள்ள விடுங்க தம்பி.”

“சார்?”

“விடுங்க. கடிக்காது.”

தயங்கித் தயங்கி விட்டார். நான் முட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது... எந்த எண் சார்?”

“இது எண்ணில்லீங்க. இப்ப ஆளுங்க நெஞ்சுல ஓடிட்டிருக்கற பம்பு. பராமரிப்பு, மென்பொருள் எல்லாம் சேர்த்துத்தான். நாங்க சண்ட போட்டாலும் சரி, பிரிஞ்சாலும் சரி, அது சந்தைக்கு வரக்கூடாது. இதப் பொத்திப் புடிச்சீங்கன்னா, மேக்கொண்டு வெரலப் பாக்கலாம்.”

அவர் தேவநாயகியைப் பார்த்தார். அப்புறம், அன்றைக்கு எந்த ஆளின் ஆபரேஷனுக்காக ராத்திரி பூரா வெளியே உட்கார்ந்திருந்தாரோ அந்த ஆளைப் பார்த்தார். சென்னியப்பன் புருவத்தை உயர்த்தினார், கரும்பலகைக்கு வந்த மாணவனைப் பார்க்கிற மாதிரி.

துணிக்குள் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி என் முட்டியைப் பொத்தின.

“சரி,” என்றார். “அடுத்தது?”

அவர் கை வேர்த்திருந்தது. நான் அவசரப்படவில்லை. எனக்கு வேலை திரும்பக் கிடைத்து அரை நிமிடம்தான் ஆகியிருந்தது.

“இந்த வருசம் மழ எப்படீங்க, உங்க மெட்ராஸ் பக்கம்?” என்று கேட்டேன்.